எட்டெழுத்துப் பெயரும் ஒன்பது நாள் விடுப்பும்

என் மகளின் பெயர் அங்கயற்கண்ணி. எட்டே எழுத்துகள்தாம். அந்த எட்டெழுத்தை மூன்று அரசு ஆவணங்களிலும் ஒரு பள்ளிப் பதிவேட்டிலும் ஒரே மாதிரி இடம்பெறச் செய்வதற்காக 2023-ஆம் ஆண்டில் ஆறு மாதம் அலைந்தேன். அதில் ஒன்பது நாள் ஊதியமில்லா விடுப்பும் ஏறத்தாழ 44,000 ரூபாயும் போயின. கணவர் ஷார்ஜாவில் வேலை பார்ப்பதால் அலைச்சல் முழுவதும் என் தலையில்தான் விழுந்தது. இப்படிப்பட்ட கூட்டுப் பெயரை மகளுக்குச் சூட்ட நினைப்பவர்களிடம் யாராவது முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டிய செய்திகள் சில இருக்கின்றன. எனக்கு அவற்றை யாரும் சொல்லவில்லை.

பெயரைத் தேர்ந்தெடுத்தவர் மதுரையில் வாழ்ந்த என் அப்பத்தா. பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் திருஞானசம்பந்தர் திருவாலவாயில் பாடிய ‘மங்கையர்க்கரசி வளவர்கோன் பாவை’ என்று தொடங்கும் பதிகத்தைப் பார்க்காமல் சொல்வார். அந்தப் பதிகத்தில்தான் ‘அங்கயற்கண்ணி தன்னொடும் அமர்ந்த ஆலவாய் ஆவதும் இதுவே’ என்று வருகிறது. மீனாட்சி என்ற வடமொழிப் பெயரைத் தனித்தமிழ் இயக்கக் காலத்தில் யாரோ மொழிபெயர்த்து உண்டாக்கிய பெயர் இது என்று என்னிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள். தனித்தமிழ் இயக்கம் தொடங்கியது 1916-இல். சம்பந்தர் பாடியதோ ஏழாம் நூற்றாண்டில். மீன் போன்ற கண்களை உடையவள் என்பதே இரண்டு பெயர்களுக்கும் பொருள். மீனாட்சியை ‘மீன் ஆட்சி’ என்று பிரித்து, மீன்கொடி பறந்த பாண்டிய நாட்டை ஆள்பவள் என்று விளக்குவோரும் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது கண்ணைக் குறிக்கும் வடசொல்லான ‘அக்ஷி’ தமிழில் ‘அட்சி’ ஆனதை மறந்துவிட்டுச் சொல்லும் விளக்கம்.

என் மகள் பிறந்தது 2014-இல். அப்போது எனக்குப் பெயரின் பொருள் தெரியுமே தவிர, அது எப்படிப் பொருந்தியிருக்கிறது என்பது தெரியாது. அது தெரியாமல் போனதுதான் எல்லாத் தொல்லைக்கும் வேர் என்பதால் அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அம், கயல், கண், இ என்று இதில் நான்கு துண்டுகள் இருக்கின்றன. ‘அம்’ என்றால் அழகு. ‘கயல்’ என்பது கெண்டை மீன். கண்ணோடு பெண்பால் விகுதியாகிய ‘இ’ சேர்ந்தால், தனிக்குறிலை அடுத்த மெய் இரட்டித்துக் ‘கண்ணி’ ஆகிறது. கண்ணை உடையவள் என்று பொருள். ‘அம்’ கயலோடு சேரும்போது மகரம் ஙகரமாகிறது. ‘கயல்’ கண்ணியோடு சேரும்போது லகரம் றகரமாகிறது. கல்லும் கண்டும் சேர்ந்து கற்கண்டு ஆவதைப் போலத்தான் கயலும் கண்ணியும் சேர்ந்து கயற்கண்ணி ஆகின்றன. மீன் தன் முட்டைகளைப் பார்வையாலேயே பொரிக்கிறது, அதுபோல இவள் பார்வையாலேயே உயிர்களைக் காக்கிறாள் என்பது அப்பத்தா சொன்ன விளக்கம். மதுரையில் வழிவழியாகச் சொல்லப்படுவதும் அதுவே. மீன் முட்டையின் அறிவியலை அப்பத்தாவிடம் நான் விவாதித்ததில்லை.

குழந்தை பிறந்த தனியார் மருத்துவமனையில் பிறப்புப் பதிவுக்கான படிவத்தைக் கொடுத்தார்கள். பிறப்பை 21 நாள்களுக்குள் பதிவுசெய்ய வேண்டும். ஆனால் பெயரையும் அதற்குள் எழுதியாக வேண்டும் என்பதில்லை. பெயர் இல்லாமலே பதிவுசெய்துவிட்டு, ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன் பிறகும் பதினைந்து ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். இது அப்போது எனக்குத் தெரிந்திருந்தால் அறுவைச் சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள், கையில் ஊசி குத்தியிருந்த நிலையில், பெயரைத் தமிழில் மட்டும் கிறுக்கிக் கொடுத்திருக்க மாட்டேன். ஆங்கிலத்துக்கான கட்டத்தை வெற்றாக விட்டேன். யாரோ அதை நிரப்பினார்கள். யார் என்று இன்றுவரை தெரியவில்லை, தெரிந்தும் பயனில்லை. சான்றிதழ் வந்தபோது தேதியையும் எங்கள் இருவரின் பெயர்களையும் சரிபார்த்தேன். குழந்தையின் பெயரை மட்டும் எழுத்தெழுத்தாகப் பார்க்கவில்லை. அதில் தமிழில் ‘அங்கையர்கன்னி’ என்றும், ஆங்கிலத்தில் ‘ஜி’-யை அடுத்த ‘ஏ’-வுக்குப் பின் ஒரு ‘ஐ’ கூடுதலாகவும் இருந்தன. கயல் என்ற மீன் கையாகிவிட்டது, கண்ணை உடையவள் கன்னியாகிவிட்டாள். இதை நான் கவனிக்க ஒன்பது ஆண்டுகள் ஆயின.

இரண்டாவது பிழைக்கு எங்கள் குடும்பமே பொறுப்பு. 2016-இல் குழந்தைக்கு ஆதார் எடுக்கும் முன் என் மாமியார், “பெயர் எண் சரியா இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டுடலாம்மா” என்றார். “இப்ப எதுக்குங்க அத்தை?” என்று கேட்டுப் பார்த்தேன், பிறகு வீட்டு அமைதியை எண்ணி வாயை மூடிக்கொண்டேன். எண் கணித நிபுணர் ஒருவர் 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, ஆங்கிலத்தில் இன்னொரு ‘கே’ சேர்க்கச் சொன்னார். அப்படியே ஆதாரில் ஏறியது. எண் கணிதத்தில் நம்பிக்கை உள்ளவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் அந்த ஆலோசனையைக் கேட்பதானால் பிறப்புச் சான்றிதழ் அச்சாகும் முன்பே கேட்டுவிட வேண்டும். சான்றிதழ் வந்த பிறகு சேர்க்கும் ஒவ்வோர் எழுத்தும் பின்னாளில் ஒரு விளக்கக் கடிதம் கேட்கும்.

மூன்றாவது வடிவம் பள்ளியில் உருவானது. சேர்க்கைப் படிவத்தில் இடம் போதவில்லையோ என்னவோ, பெயரை இரண்டாக வெட்டி நடுவில் இடைவெளி விட்டு எழுதினார்கள். ‘அங்கயர்’ என்பது பெயராகவும் ‘கன்னி’ என்பது குடும்பப் பெயராகவும் ஆயின. ஆசிரியை ஒருவர் வருகைப்பதிவின்போது அவளைக் ‘கன்னி’ என்று அழைத்ததாக மகள் வந்து சொன்ன நாளில் எனக்குச் சிரிப்பு வந்தது; அவளுக்கு வரவில்லை. அதன் பிறகு எல்லோரும் அவளைக் கயல் என்றே கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அந்த வகுப்பில் ஏற்கெனவே ஒரு கயல்விழியும் ஒரு கயலும் இருந்தார்கள். யாருக்கும் இல்லாத பெயர் வேண்டும் என்று நீளமாக வைத்தோம். கடைசியில் வகுப்பில் மூன்றாவது கயலாக நின்றாள். கூட்டுப் பெயர் வைப்பவர்கள், அதைச் சுருக்கி அழைத்தால் என்னவாகும் என்பதையும் முதலிலேயே யோசிப்பது நல்லது. ஊர் முழுப்பெயரைச் சொல்லாது.

2023 மே விடுமுறைக்கு நானும் மகளும் ஷார்ஜா போவதென்று பிப்ரவரியில் முடிவுசெய்தோம். விலை ஏறிவிடுமே என்ற அவசரத்தில், மகளுக்குக் கடவுச்சீட்டே இல்லாத நிலையில் இருவருக்கும் 43,200 ரூபாய்க்கு விமானச் சீட்டு எடுத்தேன். இதை எழுதும்போது இன்றும் எனக்கு என் மேல் கோபம் வருகிறது. மார்ச் மாதம் கடவுச்சீட்டு அலுவலகத்தில் சந்திப்பு நேரம் கிடைத்துப் போனபோது, சரிபார்த்த அலுவலர் பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “ரெண்டும் ஒரே குழந்தைதானாம்மா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. ஒன்றில் ‘ஐ’ கூடுதல், மற்றொன்றில் ‘கே’ கூடுதல். பள்ளிச் சான்றிலோ இரண்டு துண்டு. விண்ணப்பம் நிறுத்திவைக்கப்பட்டது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். மகள் என் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு, “நான் பேர மாத்திக்கட்டுமாம்மா?” என்றாள். அன்றைக்கு அந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் விட அதிகமாக வலித்தது.

அடுத்த பிழையை அந்தப் பதற்றத்தில் செய்தேன். தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு தரகரைப் பிடித்தேன். அவர் 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, முதலில் ஆதாரைப் பள்ளிச் சான்றுக்கு ஏற்பத் திருத்திவிடலாம், பிறகு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். ஆதார் மையத்தில் 50 ரூபாய் கட்டி, இரண்டு துண்டாக வெட்டிய பெயரை நானே கையெழுத்திட்டு ஏற்றினேன். ஆதாரில் ஒருவர் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த முடியும் என்பது அதன் பிறகே தெரிந்தது. ஒன்றை வீணடித்துவிட்டேன். அரசிதழ் அறிவிப்பும் எனக்குத் தேவையே இல்லை. அது ஒருவர் தம் பெயரை வேறு பெயராக மாற்றிக்கொள்வதற்கானது. நான் பெயரை மாற்றவில்லை, எழுத்துப் பிழையைத் திருத்துகிறேன். அந்த வேறுபாட்டை எனக்குச் சொன்னவர் எங்கள் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் ஒரு வழக்கறிஞர். அதற்கு அவர் ஒரு தேநீர் மட்டுமே வாங்கிக் குடித்தார்.

அவர் சொன்ன வரிசையை அப்படியே எழுதுகிறேன், ஏனெனில் எல்லாம் அந்த வரிசையில்தான் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழே வேர். அதைத் தொடாமல் மற்றவற்றைத் திருத்தினால் பிழைதான் பெருகும். அவர் இதைச் சொன்ன பிறகு, 2023 அக்டோபர் 1-ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தத்தின்படி, அந்த நாளிலும் அதன் பின்னும் பிறந்தவர்களுக்குப் பிறப்புத் தேதிக்கும் இடத்துக்கும் அந்தச் சான்றிதழே ஆதாரமாகிவிட்டது. ஆகவே இனி குழந்தை பெறுபவர்கள் என்னை விடக் கூடுதல் கவனத்தோடு அதைப் பார்க்க வேண்டும். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 1969-இன் 15-ஆம் பிரிவு எழுத்துப் பிழையைத் திருத்த வழி செய்கிறது; பழைய பதிவை அழிக்காமல் ஓரத்தில் திருத்தக் குறிப்பு எழுதிப் பதிவாளர் தேதியிட்டுக் கையெழுத்திடுவார். அது நடந்த பிறகு ஆதார், அதன் பிறகு கடவுச்சீட்டு, கடைசியில் பள்ளி.

பதிவு அலுவலகத்துக்கு மொத்தம் ஐந்து முறை போனேன். உறுதிமொழிப் பத்திரத்துக்கும் நோட்டரிக்கும் 1,100 ரூபாய் ஆயிற்று. அங்கிருந்த எழுத்தர் பொறுமையானவர்தான், ஆனால் என் மனுவைப் படித்துவிட்டு, “அங்கயர்க்கண்ணின்னுதானே வரும், மங்கையர்க்கரசி மாதிரி?” என்று கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் ஐயம் நியாயமானது. ஒரே பதிகத்தில் இரண்டு பெயர்களும் வருகின்றன, காதுக்கு இரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. அன்று மாலை, பணி ஓய்வு பெற்ற என் பழைய தமிழாசிரியையைத் தேடிப் போனேன். அவர் ஒரு தாளில் இரண்டையும் எழுதிக் காட்டினார். மங்கையர்க்கரசி என்பது மங்கையர்க்கு அரசி. அங்கே இருப்பது பலர்பாலைக் காட்டும் இடையின ‘ர்’, அதன் பின் ‘க்’ வரலாம். அங்கயற்கண்ணியில் இருப்பது கயலின் லகரம் திரிந்து வந்த வல்லின ‘ற்’. அதன் பின் இன்னொரு மெய் வராது. “முயற்சின்னுதானேம்மா எழுதுவ, முயற்ச்சின்னா எழுதுவ?” என்று கேட்டார். ஒன்றரைப் பக்கத்தில் அதையே விளக்கக் கடிதமாக எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார். பேரகராதியில் கயல் என்ற சொல் இருக்கும் பக்கத்தின் நகலையும் இணைத்தேன். மறுமுறை போனபோது எழுத்தர் அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, பக்கத்து மேசைக்காரருக்கும் படித்துக் காட்டினார். அதன் பிறகு வேலை நகர்ந்தது. நகர்ந்து முடிய ஏழு வாரம் ஆயிற்று என்பது வேறு.

பெயரின் பொருளைத் தேடி முதல் சில நாள்கள் நான் இணையத்தையே நம்பியிருந்தேன். ஆங்கிலத்தில் எழுதிய பெயரைக் கொடுத்தால் அதைத் தமிழாக்கி, பிறகு பொருள் சொல்லும் தளங்கள்தாம் பெரும்பாலானவை. ஆங்கிலத்தில் ‘ர்’-உம் ‘ற்’-உம் ஒரே எழுத்து. ‘ண’-வும் ‘ன’-வும் ஒரே எழுத்து. ஆகவே அங்கயற்கண்ணி ஆங்கிலத்துக்குள் போய்த் திரும்பி வரும்போது அங்கயர்கன்னியாகத்தான் வருகிறாள். வேளாங்கண்ணியும் கன்னியாகுமரியும் ஆங்கிலத்தில் ஒரே ‘கன்னி’யாகத் தெரிகிற காலத்தில் இது வியப்பில்லை. ஒரு தளம் ‘அழகிய இளங்கன்னி’ என்றது. இன்னொன்று கண்ணியைச் சரியாகப் பிடித்தாலும் வலை, பொறி என்று பொருள் சொன்னது, ஏனெனில் பறவை பிடிக்கும் சுருக்குக்கும் தொடுத்த மாலைக்கும் ஈரடிச் செய்யுளுக்கும்கூடக் கண்ணி என்றுதான் பெயர். இவற்றில் ஒன்றைக்கூட அலுவலகத்தில் காட்ட முடியாது.

அதே தளங்கள் இந்தப் பெயர் எத்தனையாவது இடத்தில் புழங்குகிறது என்று எண்ணோடு சொல்கின்றன. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1880 முதலான பிறப்புகளுக்குப் பெயர்ப் பட்டியல் வெளியிடுகிறது. ஓர் ஆண்டில் ஐந்து பேருக்குக் குறைவாகச் சூட்டப்பட்ட பெயர் அதில் வராது. இந்தியாவில் அப்படி ஆண்டுதோறும் வெளியாகும் அரசுப் பட்டியல் கிடையாது. ஆகவே நம் பெயர்களுக்குத் தளங்கள் தரும் தர வரிசை பெரும்பாலும் அந்தத் தளத்துக்கு எத்தனை பேர் வந்து தேடினார்கள் என்பதைத்தான் காட்டும். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்வதானால், மதுரைப் பக்கத்து உறவுகளில் மீனாட்சிகள் தெருவுக்கு நான்கு பேர் இருக்கிறார்கள். அங்கயற்கண்ணி என்று நான் சந்தித்த ஐந்தாறு பேரில் என் மகளைத் தவிர எல்லோரும் ஐம்பதைக் கடந்தவர்கள். அவர்களில் மூவர் தம் பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதுகிறார்கள். ஒரு மாநில அரசே 2020-இல் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணையிட்டுவிட்டு, எதிர்ப்பு எழுந்ததும் சில நாள்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது என்பதை நினைத்தால், தனிமனிதர்கள் தடுமாறுவதில் என்ன அதிசயம்?

திருத்திய பிறப்புச் சான்றிதழ் மே இறுதியில் வந்தது. விமானச் சீட்டை அதற்குள் ரத்து செய்து, 6,400 ரூபாய் மட்டும் திரும்பக் கிடைத்திருந்தது. ஜூனில் மீண்டும் 50 ரூபாய் கட்டி, ஆதாரில் எஞ்சியிருந்த அந்த ஒரே வாய்ப்பைப் பயன்படுத்தினேன். மையத்தில் ஆங்கில எழுத்துகளை ஏற்றியதும் கணினி தமிழ் வடிவத்தைத் தானாகவே போட்டுவிடும்; எதிர்பார்த்தபடியே ‘அங்கயர்கன்னி’ என்று போட்டது. அதைத் திரையிலேயே திருத்தச் சொல்லலாம் என்பது இந்த முறை எனக்குத் தெரியும். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தாலும் பரவாயில்லை என்று, ஒப்புகைச் சீட்டில் இரண்டு மொழியிலும் விரல் வைத்துப் படித்த பிறகே கையெழுத்திட்டேன். ஆங்கிலத்தில் பன்னிரண்டு எழுத்து, இடைவெளி இல்லை. கைப்பேசியில் அதை ஒரு படமாக வைத்திருக்கிறேன்; எந்தப் படிவத்தை யார் நிரப்பினாலும் வாயால் சொல்லாமல் அந்தப் படத்தைத்தான் காட்டுகிறேன்.

கடவுச்சீட்டில் இன்னொரு கண்ணி இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதியதில் பயன் பாதிதான். நம் பெயர்களில் குடும்பப் பெயர் கிடையாது. தலைப்பெழுத்தைக் கடவுச்சீட்டில் விரித்துத்தான் எழுத வேண்டும். குடும்பப் பெயருக்கான கட்டத்தை வெற்றாக விட்டாலும் நம் நாட்டில் கடவுச்சீட்டு தருவார்கள். ஆனால் 2022 நவம்பர் முதல் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டுமுள்ள கடவுச்சீட்டுக்குச் சுற்றுலா, வருகை விசா தர மறுக்கத் தொடங்கியது. ஷார்ஜாவில் விசா ஏற்பாடு செய்பவர் இதைச் சொல்லி, என் கணவர் நள்ளிரவில் அழைத்து எழுப்பிச் சொன்னார். விண்ணப்பத்தில் தந்தையின் பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதினோம். இந்த யோசனை இல்லாமல் போயிருந்தால், இவ்வளவும் திருத்திய பிறகு விசாவில் மறுபடி நின்றிருப்போம். வெளிநாட்டில் பெற்றோரில் ஒருவர் இருக்கும் வீடுகளில், பெயர் சூட்டும்போதே அந்த நாட்டின் விதியையும் ஒரு முறை விசாரித்துவிடலாம்.

ஆகஸ்டில் கடவுச்சீட்டு கைக்கு வந்தது. டிசம்பர் அரையாண்டு விடுமுறையில் போனோம். அதற்குள் அப்பத்தா கண்பார்வை மங்கிப் படுக்கையில் இருந்தார், திருத்திய சான்றிதழை எடுத்துக்கொண்டு போய்ப் படித்துக் காட்டியபோது, “இதுல என்ன தப்பு இருந்துச்சு முன்னாடி?” என்று கேட்டார். ‘அங்கையர்கன்னி’ என்று இருந்ததைச் சொன்னதும் வெகுநேரம் சிரித்தார்.

பள்ளிப் பதிவு மட்டும் இன்னும் பாக்கி இருக்கிறது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் வந்துவிட்டால் அதன் பிறகு எல்லோரும் அதையே கேட்பார்கள் என்பதால், பெயர்ப் பட்டியல் தயாராகும் முன்பே பள்ளியின் இணையப் பதிவில் அந்த இடைவெளியை எடுத்தாக வேண்டும். இரண்டு முறை மனு கொடுத்துவிட்டேன். போன முறை மகளே மனுவை எழுதினாள். றகரத்தைக் கொட்டையாக எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள்.